கொக்குவில் வாத்தியாரைத் தேடிய கதை

நம் கல்லூரியின் யூபிலி மலரோடு பெயரடைவு ஒன்றும் சேர வேண்டும் என்று மலர்க் குழுவினர் தீர்மானித்தனர். பழைய கல்லூரி மலர்களிலே எந்த ஆசிரியர், எந்த மாணவர், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்திற் குறிப்பிடப்பட்டுள்ளார் என்பதை எவரும் எளிதிற் காணத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், கணினியோடு ஓரளவு பழகியவன் என்பதாலும், வேறு வேலை இல்லாதவன் என்று அவர்கள் கருதியதாலும் அப்பணி என் தலையில் விழுந்தது.

கல்லூரியில் இருந்த மலர்த் தொகுதி முழுமையானதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது புத்தகப் பெட்டிகளைச் சுமந்தவர் எத்தனை பேர்? அதற்கும் முன்னரே, 1981ஆம் ஆண்டு மே மாதத்து இறுதி இரவில் மூட்டப்பட்ட தீ, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் கொண்டுபோயிற்று. ஆகவே பழைய மாணவர் வீட்டுப் பரண்களையும், கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள அன்பர்களின் பெட்டிகளையும் நம்பியே நாம் தேட நேர்ந்தது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணைய நூல்நிலையம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்து வருவது நம் தலைமுறைக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆயினும் படம் வேறு, எழுத்து வேறு. படத்திற் பெயர் தேட வேண்டுமாயின், ஒருவர் அதனைப் பார்த்துத் தட்டெழுதித் தரவேண்டும்.

அதனை உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தம் விடுமுறை நாட்களைச் செலவிட்டுச் செய்து முடித்தனர். அவர்களுக்கு எத்துணை நன்றி கூறினும் தகும். ஐந்தாறு மலர்கள் மட்டும் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதி வைத்திருந்தவை. அவற்றை, மாற்றித்தரும் செய்நிரல் ஒன்றினால் யூனிக்கோட் முறைக்கு மாற்றிச் சேர்த்துக்கொண்டோம். இச்செய்தியை இங்கே சொல்லிவைக்கிறேன், பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மூதாட்டியார் தம் பேரனோடு என் வீட்டிற்கு வந்தார். அவருடைய தந்தையார் 1950களிலே நம் கல்லூரியிற் சில காலம் பதில் ஆசிரியராக இருந்தவர். நிரந்தர ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, படமும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே படமும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம். மாணவர் அவரை இயற்பெயரால் அழைத்ததில்லை. கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வருபவராதலாற் ‘கொக்குவில் வாத்தியார்’ என்றே அழைத்தனர்.

“ஐயாவைப் பற்றி மலரிலை ஒரு வரி எண்டாலும் இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ, தம்பி,” என்றார். எழுபதை நெருங்கும் என்னைத் ‘தம்பி’ என்று அழைக்க ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பது எனக்கு உவகை தந்தது. பார்த்துச் சொல்வதாக வாக்களித்தேன்.

தேடுதல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இனிச் சொல்லவேண்டும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைத் தாங்கும் அளவே ஒரு பைற்று. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைற்றில் அடங்கும். இன்று உலகெங்கும் வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்று பெறும். ‘க’ என்பது 224, 174, 149. ஒகரக் குறி, அதாவது ‘கொ’ என்பதிற் ககரத்தைச் சூழ்ந்து நிற்கும் குறி, 224, 175, 138. புள்ளியும் தனிக் குறியே. அது 224, 175, 141. ஆகவே ‘கொக்குவில்’ என்னும் சொல் கணினிக்கு முப்பது எண்கள் கொண்ட ஒரு கோலம், அவ்வளவே. மலர்களின் உரை முழுவதும் ஏறத்தாழ 3 கோடி எண்களின் வரிசை. அவ்வரிசையில் இக்கோலம் எங்கே உள்ளது என்பதே கேள்வி.

இம்முறையை 1992ஆம் ஆண்டு கென் தொம்சன், ரொப் பைக் என்னும் இருவர் அமெரிக்காவில் வகுத்தனர். ஓர் எழுத்தின் முதற் பைற்றாக வரும் எண் வேறெந்த எழுத்தின் நடுவிலும் வராதவாறு அமைத்தமை அவர்களது கூர்த்த மதியைக் காட்டும். அதனால் எழுத்தை எழுத்தாக்கிப் பாராமல், பைற்றுகளை மட்டும் ஒப்பிட்டாலே போதும். ஓர் எழுத்தின் பாதியும் அடுத்த எழுத்தின் பாதியும் சேர்ந்து பொய்யாக ஒன்று கிடைத்துவிடும் என்ற அச்சம் இல்லை.

முதலில் ஒரு மாணவன் பைதன் மொழியில் ஒரு செய்நிரல் எழுதினான். ஒவ்வோர் இடத்திலும் கோலத்தை வைத்துப் பார்த்து, பொருந்தாவிடின் ஒரு பைற்று நகர்ந்து, மீண்டும் பார்ப்பது அது. ஒரு பெயருக்கு அது போதும். நம் பட்டியலிலோ 2000 பெயர்களுக்கு மேல் இருந்தன. 3 கோடியை 2000 தரம் நடக்க வேண்டும்.

“சேர், இரவிரவாய் ஓடினது, இன்னும் முடியேல்லை,” என்று காலையில் வந்து நின்றான். பைதன் மொழியிலே நாம் எழுதும் ஒவ்வொரு படியும் ஓடும்போதே பொருள்கொள்ளப்படுகிறது. மேடையிற் பேசுபவர் அருகே நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பவரைப் போல. சி மொழியில் எழுதினால், தொகுப்பான் என்னும் செய்நிரல் முழுவதையும் முன்னரே இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடும். ஓடும்போது இடைத்தரகர் இல்லை. (அவன் மீது குறை சொல்வதற்கில்லை. பைதனிலேயே உள்ளமைந்த தேடற் கட்டளை ஒன்று உண்டு. அது சி மொழியில் எழுதப்பட்டு விரைவாக ஓடுவது. நான்தான், பயிற்சிக்காக முழுவதையும் நீயே எழுது என்று சொல்லியிருந்தேன்.)

ஆகவே சி மொழியில் நான் எழுதினேன். பாடப் புத்தகங்கள் கற்பிக்கும் ஓர் உபாயத்தைக் கையாண்டேன். கோலத்தின் முதற் பைற்றை மட்டும் முதலிலே தேடுவது. அது கிடைத்த இடத்தில் மட்டும் எஞ்சியதை ஒப்பிடுவது. ஒரு பைற்றைத் தேடும் கட்டளை சி மொழியின் நூலகத்திலேயே உண்டு. இக்காலத்து இயந்திரங்களில் அது ஒரே வேளையில் 16 அல்லது 32 பைற்றுகளை நோக்கிக்கொண்டு பாயும். ஆங்கில உரைக்கு இவ்வுபாயம் மிக நன்று. ‘கே’ என்னும் எழுத்து ஆங்கிலத்தில் நூறு எழுத்துக்கு ஒருமுறை வருவதே அரிது; ஆதலால் நெடுந்தூரம் தடையின்றிப் பாயலாம்.

தமிழிலோ அது படுதோல்வி அடைந்தது. காரணத்தை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர். தமிழ்க் குறி எதுவாயினும் அதன் முதற் பைற்று 224. இரண்டாவது பைற்று 174 அல்லது 175, வேறில்லை. மூன்றாவது பைற்றில் மட்டுமே ஓர் எழுத்துக்கும் மற்றோர் எழுத்துக்கும் முகவேறுபாடு உண்டு. 224ஐத் தேடு என்று சொன்னால், மூன்று பைற்றுக்கு ஒருமுறை ‘இதோ, இதோ’ என்று நின்றுகொண்டே போகும். பாயப் பிறந்த குதிரையைச் சந்தியில் மட்டுமன்றி மரத்துக்கு மரம் கட்டிவைத்தது போலாயிற்று. ஆங்கிலத்தை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட அறிவுரைகளை நம் மொழிக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதைக் கணிதம் கற்பித்த நான் முன்னரே உணர்ந்திருக்கலாம், உணரவில்லை. கனடாவில் இருக்கும் என் மருமகன் சொல்கிறான்: ரஸ்ட் என்னும் புதிய மொழியின் தேடற் செய்நிரற் கட்டு ஒன்று, கோலத்தின் முதற் பைற்றை எடுக்காமல், அரிதாக வரக்கூடியது என மதிப்பிட்ட பைற்றையே எடுத்துத் தேடுமாம். மூன்றாம் பைற்றைத் தேடுவதே தமிழுக்கும் வழி.

நான் கையாண்டது அதனினும் பழைய வழி. 1977ஆம் ஆண்டு ரொபேட் போயர், ஜே. ஸ்ட்ரொதர் மூர் என்னும் இருவர் வெளியிட்ட நெறிமுறையை, 1980இல் நைஜல் ஹோர்ஸ்பூல் என்பவர் சுருக்கி எளிதாக்கினார். அதன் உட்பொருள் இது: கோலத்தை இடமிருந்து அன்றி வலமிருந்து ஒப்பிட வேண்டும். கோலத்தின் கடைசிப் பைற்றுக்கு நேரே உரையில் நிற்கும் பைற்று எது என்று பார். அது கோலத்தில் எங்குமே இல்லாததாயின், கோலத்தின் நீளம் முழுவதையும் ஒரே தாவலிற் கடந்துவிடலாம். இருப்பதாயின், கோலத்தில் அது கடைசியாக நிற்கும் இடம் நேராகும் அளவுக்கு மட்டும் நகரவேண்டும். இந்த நகர்வு அளவுகளை 256 கட்டங்கள் கொண்ட அட்டவணையாக முன்னரே எழுதி வைத்துக்கொள்ளலாம். நீண்ட பெயராயின் தேடுதல் இன்னும் விரைவாகும். இது முதலிற் கேட்பவருக்கு வியப்பாகவே இருக்கும்.

ஒரு திருத்தத்தை இடையிற் சொல்லவேண்டும். ‘கொக்குவில்’ என்று முழுவதும் கொடுத்துத் தேடினால், ‘கொக்குவிலில்’ என்பது அகப்படாது. லகரத்தின் புள்ளி அங்கே இல்லை. பழைய மலர்களின் தமிழிலோ ‘கொக்குவிற் கிராமம்’ என்று சந்தி சேர்த்து எழுதியிருப்பர். அங்கே லகரமே இல்லை. நன்னூல் படித்தவருக்கு இது விளையாட்டு. இயந்திரத்துக்கு அது வேறு சொல். ஆகவே ‘கொக்குவி’ என்று நறுக்கிக்கொண்டேன்: 8 குறிகள், 24 பைற்றுகள்.

அதற்கு அட்டவணை எழுதியபோது ஓர் அழகைக் கண்டேன். கடைசிக் குறியாகிய இகரக் குறி 224, 174, 191. உரையிற் கடைசி இடத்துக்கு நேரே 224 நின்றால் நகர்வு 2. 174 நின்றால் 1. 175 நின்றால் 7. மூன்றையும் சோதித்துப் பாருங்கள்: எங்கிருந்து நகர்ந்தாலும் அடுத்ததாக ஓர் எழுத்தின் மூன்றாம் பைற்றிலேயே போய் நிற்கிறது. வகரத்தின் 181 நின்றால் 3. உகரக் குறியின் 129 நின்றால் 6. ககரத்தின் 149 நின்றால் 9. எல்லாம் மூன்றின் மடங்குகள். கோலத்தில் இல்லாத எழுத்தாயின் 24. சொற்களுக்கிடையே வரும் ஒரு பைற்று வெளியிடத்தாற் சற்றுத் தடுமாறினாலும், அடுத்த நகர்விலே தானாகவே எழுத்தின் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது. போயரும் மூரும் தமிழை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தும் முதற் பைற்று உபாயம் நம் மொழியில் எங்கே இடறிற்றோ, அங்கே இந்நெறிமுறை தானாகவே நிமிர்ந்துகொண்டது. அன்று மாலை இதனை எவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் உள்ளோர் பொறுமையுடன் கேட்டனர்.

இரவிரவாய் ஓடிய வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அடைவு உருவாயிற்று. ‘கொக்குவி’ என்பதற்குப் பதினேழு இடங்கள் கிடைத்தன, அனைத்தையும் வாசித்தேன். விளையாட்டுப் போட்டிகள், திருமண வாழ்த்துக்கள், ஓர் இரங்கற் குறிப்பு. வாத்தியார் இல்லை. அவருடைய இயற்பெயரையும் தேடினேன்; அதுவும் இல்லை.

அம்மையாரின் வீட்டிற்குச் சென்று சொன்னேன். எல்லா மலர்களையும் ஒரு பைற்றும் விடாமற் பார்த்துவிட்டதாகவும், ஓரிடத்திலும் இல்லை என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “இராது எண்டுதான் நானும் நினைச்சன், தம்பி. அவர் தன்ரை பேர் போடுவிக்கிற ஆள் இல்லை,” என்று சொல்லி, எனக்குக் கோப்பி கொண்டுவரும்படி பேரனிடம் கூறினார்.

நிற்க. இரண்டு மாதங்கள் கழித்து, அச்சுப்பிழை திருத்துவதற்காக 1958ஆம் ஆண்டு மலரின் தட்டெழுத்துப் படியைக் கண்ணால் வாசித்துக்கொண்டிருந்தேன். 41ஆம் பக்கத்தில், பழைய மாணவர் ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்பின் நடுவில், ‘கொக்குவில் வாத்தியார்’ என்று தெளிவாக நின்றது. என் கண்ணை நான் நம்பவில்லை. செய்நிரலை மீண்டும் ஓட்டினேன்; 1958ஆம் ஆண்டு மலரில் அப்பெயர் இல்லை என்றே அது சாதித்தது.

அவ்விடத்துப் பைற்றுகளை எண்ணாக எழுதிப் பார்த்தபோதே விளங்கிற்று. அங்கே இருந்தவை 24 அல்ல, 27. பாமினி எழுத்துருவிலே ‘கொ’ என்பதை எழுத முதலிற் கொம்பையும், அடுத்துக் ககரத்தையும், பின்னர்க் காலையும் தட்ட வேண்டும். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் இருந்து வந்த பழக்கம் இது. (அப்பொறியை உருவாக்கிய முன்னோடியாகிய ஆர். முத்தையா நம் சுண்டிக்குளியிற் பிறந்தவர் என்பதை மாணவர் அறிந்துவைத்தல் நன்று.) யூனிக்கோட் முறையிலோ ககரம் முதலில், அதன்பின் ஒகரக் குறி ஒன்றாகவே நிற்கும். நாம் பயன்படுத்திய மாற்றி, கொம்பைக் ககரத்தின் பின்னே கொண்டுசென்றது. ஆனால் அதனையும் காலையும் ஒன்றாக்காமல், எகரக் குறி 224, 175, 134 என்றும், ஆகாரக் குறி 224, 174, 190 என்றும் இரண்டாகவே விட்டுவிட்டது. திரையில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும்; அச்சிலும் அவ்வாறே. யூனிக்கோட் விதியே இரண்டையும் சமமானவை என்று ஏற்றுக்கொள்கிறது. எண் வரிசையில் மட்டும் அவை வேறு.

என் செய்நிரல் அவ்விடத்தில் என்ன செய்திருக்கும் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தேன். வலமிருந்து ஒப்பிட்டு வந்தது. இகரக் குறி சரி, வகரம் சரி, உகரக் குறி, ககரம், புள்ளி, மீண்டும் ககரம், எல்லாம் சரி. 24இல் 18 பைற்றுகள் பொருந்தின. பத்தொன்பதாவதில் 138ஐ எதிர்பார்த்தது, 190 நின்றது. உடனே அட்டவணையைப் பார்த்து, 24 பைற்றுகளை ஒரே தாவலிற் கடந்து சென்றுவிட்டது. நான் அழகென்று வியந்த அந்தத் தாவலே வாத்தியாரை மிதித்துக்கொண்டு போயிற்று.

ஏட்டுச் சுவடிகளிலே புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தபோது அத்தகைய ஏடுகளையே வைத்து ஒப்பிட்டார். எழுத்து எவ்வாறு இருப்பினும் சொல் எது என்பதைக் கண்டுகொள்ளும் பார்வை அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது, 41ஆம் பக்கத்தைக் கண்ட மாத்திரத்தில் வாசித்தேன் அல்லவா? ஆனால் அப்பார்வையை நான் செய்நிரலுக்குக் கொடுக்கவில்லை.

திருத்தம் கடினமன்று. தேடுவதற்கு முன்னர் உரை முழுவதையும் ஒருமுறை நடந்து, எகரக் குறியின்பின் ஆகாரக் குறி வந்தால் ஒகரக் குறியாகவும், ஏகாரக் குறியின்பின் வந்தால் ஓகாரக் குறியாகவும் ஒன்றாக்க வேண்டும். தேடும் பெயர்களுக்கும் அவ்வாறே. ஔகாரத்தில் மட்டும் சற்று இடறினேன். அம்மாற்றி ‘கௌரி’ என்பதை எகரக் குறியும் ளகரமுமாக எழுதியிருந்ததைக் கண்டு, எகரக் குறியின்பின் ளகரம் வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக்கும்படி எழுதிவிட்டேன். வெள்ளவத்தை முழுவதும் சிதைந்துபோயிற்று. நம் பழைய மாணவரிற் பாதிப்பேரின் முகவரி அது! அதனை நீக்கி, ஔகாரப் பெயர்களை மட்டும் கண்ணாற் பார்த்துத் திருத்தினோம்.

மீண்டும் ஓட்டியபோது, பாமினியில் இருந்து மாறிய அந்த ஐந்தாறு மலர்களிலே பொன்னையாக்களும் சோமசுந்தரங்களும் யோகநாதன்களும் கூட்டமாக எழுந்து வந்தனர். ஒகரமும் ஓகாரமும் பெயரில் உள்ள ஒவ்வொருவரும் அம்மலர்களில் இல்லாதவராய் இருந்திருக்கின்றனர். அடைவு அச்சேறியிருந்தால் அவர்களுடைய பிள்ளைகளும் ‘எங்கள் ஐயா இல்லை’ என்றே கொண்டிருப்பர். ஒருவரும் முறையிட்டிருக்க மாட்டார். இருப்பதை அறிந்தவரன்றோ இல்லாமையை முறையிடுவர்?

41ஆம் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு அம்மையார் வீட்டிற்கு மறுபடியும் சென்றேன். நான் முன்னர்ச் சொன்னது பிழை என்று முதலிற் சொன்னேன். “இருந்தது, அம்மா. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.” பேரன் வாசித்தான். மூன்றே வாக்கியங்கள். கேத்திர கணிதம் விளங்காத மாணவரைக் கொக்குவில் வாத்தியார் மாலையிலே மைதானத்து வேப்பமரத்தடியில் இருத்திச் சம்பளமின்றிப் படிப்பிப்பார் என்பதும், மழைக் காலத்தில் தம் சைக்கிளின் பின்னால் ஒரு பையனை ஏற்றி வீட்டில் விட்டுச் செல்வார் என்பதும், தாம் பரீட்சையிற் சித்தியடைந்தது அவராலேயே என்பதும் எழுதியிருந்தது.

அம்மையார் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிந்ததும் தலையை அசைத்தார்.

“வேம்பு இல்லைத் தம்பி, இலுப்பை. நான் சின்னனிலை ஐயாவோடை போய், பூப் பொறுக்கியிருக்கிறன்.”

அடைவில் அவருக்கான பதிவு இவ்வாறு அமைந்துள்ளது: கொக்குவில் வாத்தியார், 1958, பக்கம் 41, ‘வேப்பமரம்’ என்பது இலுப்பை மரம் என அவர் மகளார் கூறுவர்.